டீசலைத் தொடாத பாக்டீரியா

1. மூன்றாவது பேட்ச்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் ஒரு சிறிய கம்பெனியில் ஃபெர்மென்டர் ஆபரேட்டராக இருந்தேன். டீசலில் உள்ள கந்தகத்தைப் பாக்டீரியாவைக் கொண்டு எடுப்பதுதான் எங்கள் பிராஜெக்ட். கண்ணாடி ஃபிளாஸ்க்கில் அது ஒழுங்காக வேலை செய்தது. பாக்டீரியா வளர்க்கும் பெரிய ஃபெர்மென்டர் டேங்கில் போட்டால் நன்றாக வளர்ந்தது. டீசலை மட்டும் தொடவில்லை. மூன்று பேட்ச் இப்படியே போயின.

லேப் ஹெட் நாகராஜ் சார் கூப்பிட்டார். மைசூர்க்காரர், எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர்.

"மல்லிகா, மீடியத்தில மெக்னீசியம் சல்ஃபேட் போட்டுட்டியா?"

"இல்ல சார். குளோரைடுதான் போட்டேன்."

"நோடு, பாத்துக்கோ, மேனேஜ்மென்ட்ல இன்னும் ஒரு பேட்ச்தான் குடுப்பாங்க. அதுவும் போச்சுன்னா பிராஜெக்ட் குளோஸ்."

அவர் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. பாக்டீரியா வளரக் கந்தகம் வேண்டும். சல்ஃபேட் என்ற கந்தக உப்பு தண்ணீரில் கரைந்து கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளும். டீசலிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் ஜீன்கள் அப்போது அடங்கியே கிடக்கும். சல்ஃபேட் இல்லை என்றால்தான் அவை வேலையைத் தொடங்கும். அதனால் பாக்டீரியா வளரும் கரைசலான மீடியத்தில் சல்ஃபேட் உப்பு எதையுமே நாங்கள் சேர்ப்பதில்லை.

அன்று மர்பி டவுன் வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பும்போது முகம் எரிந்தது. உப்பை நிறுத்துப் போட்டது நான். தப்பு நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதை நிரூபித்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

2. வெள்ளைப் படிவு

மூன்றாவது பேட்ச்சில் இரண்டு மணிக்கொரு முறை எடுத்த சாம்பிள்கள் ஃப்ரீசரில் இருந்தன. காலையில் அவற்றை வெளியே எடுத்து, செல்களை வடிகட்டி, ஒவ்வொரு டியூபிலும் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டேன். பிறகு பேரியம் குளோரைடு இரண்டு சொட்டு. சல்ஃபேட் இருந்தால் வெள்ளையாகக் கலங்கும்.

முதல் டியூப் தெளிவாக இருந்தது. மீடியத்தில் தப்பில்லை! நாலாவது மணி சாம்பிள் லேசாகக் கலங்கியது. எட்டாவது மணி சாம்பிள் பால் மாதிரி ஆனது.

அப்படியானால் சல்ஃபேட் பாதியில்தான் உள்ளே வருகிறது. மூடிய டேங்குக்குள் என்னென்ன போகிறது என்று எழுதினேன். காற்று. நுரையடக்கும் எண்ணெய். காரம். ஆசிட்.

ஆசிட் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். 'சல்ஃப்யூரிக்' என்று என் கையெழுத்திலேயே லேபிள். எங்கள் மீடியத்தில் பாக்டீரியா வளர வளர pH, அதாவது காரத்தன்மை, ஏறும். அதை இறக்க பம்ப் சொட்டுச் சொட்டாக ஆசிட் விடும். சல்ஃப்யூரிக் ஆசிட் தண்ணீரில் விழுந்தால் சல்ஃபேட்தான். ஃபிளாஸ்க்குக்குப் பம்ப் கிடையாது. டேங்கில் இருந்த பாக்டீரியாவுக்கு நானே மூன்று பேட்ச்சாகச் சல்ஃபேட் ஊட்டியிருக்கிறேன்.

 சத்தமில்லாமல் பாட்டிலை மாற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படிச் செய்தால் பேட்ச் ஏன் தோற்றது என்று கடைசிவரை யாருக்கும் புரியாது. டியூப்களை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு சாரிடம் போனேன்.

"சார், ஆசிட் பாட்டில்ல சல்ஃப்யூரிக் ஊத்தினது நான்தான்."

அவர் டியூப்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு செய்முறை ஃபைலை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"இங்க சல்ஃப்யூரிக்னு எழுதினது யாரு?"

கீழே அவருடைய கையெழுத்து இருந்தது. 

"நான்தானேம்மா," என்றார்.

3. நாலாவது பேட்ச்

ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுக்கு மாற்றலாம் என்றார் சார். மெயின்டனன்ஸ் ஃபிட்டர் அந்தோணி அண்ணன் குறுக்கே வந்தார். கேஜிஎஃப் தங்கவயல்காரர்.

"இன்னா சார் நீங்க! அத ஊத்துனா ஸ்டீல் புள்ளி புள்ளியா அரிச்சிடும். பாஸ்பாரிக் ஊத்துங்க. டேங்குக்கு ஒண்ணும் ஆவாது."

பாஸ்பாரிக் ஊற்றினோம். மறுநாள் மதியம் சாம்பிளில் கலர் ரியேஜென்ட் விட்டேன். டீசல் கந்தகம் பிரிந்திருந்தால் நீலம் வர வேண்டும். சார் கடிகாரத்தைப் பார்த்தார். நான் டியூபைப் பார்த்தேன். அடியிலிருந்து நீலம் ஏறியது.

"பந்துபிட்டித்து! வந்துடுச்சு!" என்று சார் கன்னடத்திலும் தமிழிலும் கத்தினார். அந்தோணி அண்ணன் ஸ்பேனரோடு ஓடி வந்தார்.

அந்தப் பிராஜெக்ட் பின்னால் வேறு காரணங்களால் நின்றுபோனது. அதற்கப்புறம் பல டேங்க் ஓட்டினேன். ஆய்வுக்கூட வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒரு பேட்ச் தோற்றால் பாக்டீரியாவைத் திட்டாதீர்கள். உள்ளே போனதை எல்லாம், போட்டவர் பெயரோடு, ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் பெயர் வரும் வரியைச் சோதிக்காமல் தாண்டிப் போகாதீர்கள்.