ஒன்று, பத்து, இரண்டு

கண்ணாடிக் கடைக்காரியை அந்தத் தெருவில் எல்லோரும் மெதுவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கை மெதுவானதால் அல்ல. லென்ஸைத் தீட்டி ஃபிரேமில் உட்கார வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் பார்க்கச் சொல்லும் குற்றத் தொடர்கள்தான் ஆமை வேகம்.

பரிசோதனை நாற்காலியில் ஒருவரை உட்கார்த்தி, மூக்கின்மேல் கனத்த சட்டத்தை மாட்டுவாள். எதிர்ச்சுவரின் எழுத்தெல்லாம் பாலில் விழுந்ததுபோல் மங்கிக் கிடக்கும். ஆள் ஓட முடியாது. அந்த நேரம் பார்த்து ஆரம்பிப்பாள்.

"முதல் எபிசோடுல ஒண்ணும் நடக்காது. இன்ஸ்பெக்டர் தன் மகளோட செருப்பத் தேடுவாரு. அவ்வளவுதான்."

"கொலைன்னு சொன்னீங்க?"

"கொலை முன்னாடியே ஆயிடுச்சு. செத்தவர் எங்க போயிடப் போறாரு? நீங்க இன்ஸ்பெக்டர் முகத்தப் பாருங்க. மூணு எபிசோடு பொறுத்துக்குங்க, அப்புறம் என்னைத் திட்டுங்க."

சிலர் திட்டவும் செய்தார்கள். "அக்கா, உங்க ஆளு ஷூ லேஸ் கட்டி முடிக்கறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துட்டேன்" என்றார் தபால்காரர்.

அவள் மதியங்களில் பார்ப்பாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால் பின்னறை தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஆகிவிடும். தீட்டும் சக்கரத்தின்மேல் நீர் சொட்டும். சின்னத் திரையில் ஒரு துறைமுக ஊரில் பனி இறங்கும். பனிக்குள் நடப்பவர் எவர், ஷட்டருக்குக் கீழே வெறும் கால்களாகக் கடந்து போகிறவர் எவர் என்று சில சமயம் அவளுக்கே பிடிபடாது.

தங்கை பேசாமல் போய் இரண்டு வருடம். அப்பா ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தபோது தங்கைதான் தனியாகப் பார்த்துக்கொண்டாள். அக்கா வந்தது எல்லாம் முடிந்த பிறகு. "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டவள், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் தங்கையின் கணவர் ஒருநாள் கண்ணாடி மாற்ற வந்தார்.

"கால உடைச்சுக்கிட்டு வீட்டுல உக்காந்திருக்கா. கட்டு அவளுக்கு, வலி எனக்கு" என்று புலம்பினார்.

மெதுவக்கா துறைமுக ஊர்த் தொடரை, பத்து எபிசோடும் எண் போட்டு, ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். "நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க மாப்பிள்ளை."

"எனக்குப் பொய் சொல்ல வராது அக்கா."

"சும்மா இருக்கவாவது வருமா?"

அதுவும் அவருக்கு வராது என்று தெரிந்துதான் கொடுத்தாள்.

பதினோராம் நாள் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த லென்ஸ் தொட்டிக்குள் நழுவியது.

"என்ன தொடர் இது?" என்றாள் தங்கை, நேற்றுதான் பேசி வைத்ததுபோல. "ரெண்டாவது எபிசோடுலயே கொலை பண்ணது ஸ்கூல் வாட்ச்மேன் பொண்டாட்டின்னு சொல்லிட்டான்!"

மெதுவக்காவுக்குப் புரிந்தது. டிவி எண்களை ஒன்று, பத்து, இரண்டு என்று அடுக்கியிருக்கிறது. "ஐயோ, அது கடைசி எபிசோடுடி!"

"கடைசியா?" தங்கை சிரித்தாள். இரண்டு வருடத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கரகரத்திருந்தது. "நல்லதாப் போச்சு. உன் வரிசையில பார்த்திருந்தா ரெண்டாவதோட தூக்கிப் போட்டிருப்பேன். ஆள் யாருன்னு தெரிஞ்சப்புறம் அவள மட்டும்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். எல்லா எபிசோடுலயும் போலீஸ் ஸ்டேஷன் கேட் பக்கத்துல வந்து நிக்கறா, கவனிச்சியா? பக்கத்துக் கடையில பை தைக்கக் குடுக்க வந்த மாதிரி, பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி. சொல்லிடணும்னுதான் வர்றா. உள்ள போக முடியல."

மெதுவக்கா அதைக் கவனித்ததே இல்லை. பத்தொன்பது பேருக்குச் சிபாரிசு செய்தவள், கொலைகாரனைத் தேடிக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போயிருந்தாள்.

தங்கையின் குரல் தணிந்தது. "அக்கா, அந்த ஒன்பது நாளும் நீ எங்க இருந்தே?"

ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தால் பழைய பதில்கள் கைவசம் இருந்தன. இதற்கு இல்லை.

"ஆஸ்பத்திரிக்கு எதிர் மருந்துக்கடைக்கிட்ட. நாலு நாள் வந்தேன்."

"நான் அங்கதானே மருந்து வாங்குவேன்!"

"பார்த்தேன். மஞ்சக் குடை. நீ கிட்ட வந்தப்போ தூணுக்குப் பின்னால போயிட்டேன். அப்பாவ அந்தக் குழாயோட பார்க்க... கால் வரலடி. நீ மெலிஞ்சு போயிருந்தே. அதையும் பார்த்துட்டு பஸ் ஏறிட்டேன்."

சக்கரத்தின் நீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"கோவம் போயிடுச்சுன்னு நினைக்காத" என்றாள் தங்கை. "நிறைய இருக்கு. நேர்லதான் திட்டணும். இப்பவே வா. கதவு திறந்துதான் இருக்கு. வாசல்ல நிக்காம உள்ள வந்துடு."

மெதுவக்கா சக்கரத்தை நிறுத்தினாள். சொட்டும் குழாயை மூட மறந்து, ஷட்டரைக் குனிந்து கடந்து வெயிலுக்குள் வந்தாள்.