கேட்காமல் எடுத்த முகம்

ஷீலாவுக்குப் படம் எடுக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தி.நகரில் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் ஜவுளிக்கடையில், மேட்சிங் பிரிவில் அவளுக்கு வேலை. வாடிக்கையாளர் புடவையை விரித்த மாத்திரத்தில், பின்னால் அடுக்கியிருக்கும் துணிகளிலிருந்து அதற்குச் சேரும் ரவிக்கைத் துணியை இழுத்துப் போடுவாள். “இது பச்சை இல்லம்மா, கிளிப்பச்சைல கொஞ்சம் மஞ்சள் கலந்தது” என்பாள். நாள் முழுக்க நிறத்தோடு புழங்கிய அந்தக் கண், கடைக்கு வெளியிலும் சும்மா இருக்கவில்லை. வேலை நேரத்தில் செல்போனை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் அவள் படம் எடுப்பதெல்லாம் பஸ்ஸில்தான். காலையில் போகும்போது கொஞ்சம், சாயங்காலம் திரும்பும்போது கொஞ்சம்.

கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்த வீடுகளைக் காலிசெய்து, வெள்ளத்துக்குப் பிறகு எல்லோரையும் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பியபோது ஷீலாவுக்குக் கல்யாணமான புதிது. கணவன் அறிவு, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் இருந்தான். முன்பு நடந்தே போய்வந்த வேலைக்கெல்லாம் இப்போது பஸ் ஏறவேண்டும். அந்த பஸ்ஸில் ஷீலாவுக்கு இடம் பிடித்து வைப்பவள் முத்தம்மா. ஆற்றோரத்தில் எதிர்வீடு, பெரும்பாக்கத்தில் பக்கத்து பிளாக். மயிலாப்பூரில் விஜயராகவன் என்பவரின் வீட்டில் பல வருஷமாகப் பாத்திரம் தேய்த்து, துணி மடித்து, குழந்தையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பையை சீட்டில் போட்டுவிட்டு, “ஆளு வருது, ஆளு வருது” என்று பஸ்ஸுக்கே கேட்கக் கத்துவாள். ஷீலா வந்து உட்கார்ந்ததும் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப்போவாள்.

ஒருநாள் மத்திய கைலாஷ் சிக்னலில் பஸ் நின்றது. எதிர்ப்பக்கத்து ஜன்னல் வழியாக இளவெயில் உள்ளே வந்து, தூங்கும் முத்தம்மாவின் முகத்தின் பாதியில் விழுந்தது. அவிழ்ந்த முடி, லேசாகத் திறந்த வாய், மடியில் பையை இறுக்கிப் பிடித்த கை. ஷீலா போனை எடுத்தாள். அவள் அதுவரை எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். “வேலைக்குப் போகும் வழி” என்று எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டாள். தெரியாதவர்கள் எல்லாம் வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள். முத்தம்மா அக்காவிடம் காட்டலாமா என்று நினைத்தாள். வாயைப் பிளந்துகொண்டு தூங்குவதைக் காட்டினால் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று விட்டுவிட்டாள்.

ஷீலா ஒன்றும் தெரியாதவள் இல்லை. அதற்கு முந்தைய வருஷம் ஒரு புகைப்படப் போட்டிக்காரர்கள், ‘நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், சான்றிதழுக்குக் கட்டணம் அனுப்புங்கள்’ என்று கேட்டபோது, அது டுபாக்கூர் என்று முதல் வரியிலேயே கண்டுகொண்டாள். ‘காசு கேக்குறவன் ஏமாத்துறவன்.’ அவளுக்குத் தெரிந்த பாடம் அதுதான். காசு கொடுக்கிறேன் என்று வருபவனைப் பற்றி அவளிடம் பாடம் ஏதும் இல்லை.

அப்படி வந்தவன் பெயர் ஸ்ரீகிருஷ்ணா. படங்களை வாங்கி விளம்பரக்காரர்களுக்கு விற்கும் நிறுவனம் ஒன்றில் வேலை என்று சொன்னான். குரலில் அவ்வளவு மரியாதை.

“இந்த பஸ் படம் ரொம்ப நல்லாருக்கு மேடம். எங்களுக்குக் கொடுங்க. இவங்க யாரு, தெரிஞ்சவங்களா?”

“எங்க பக்கத்து பிளாக் அக்கா சார்.”

“அப்போ பிரச்சினையே இல்ல. ரெண்டு ஃபார்ம் அனுப்புறேன். ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு அவங்களுக்கு. படத்தைப் பயன்படுத்தச் சம்மதம்னு ஒரு கையெழுத்து.”

“அவங்க இப்போ வேலைல இருப்பாங்க. சாயங்காலம்தான் பாக்க முடியும்.”

“மதியத்துக்குள்ள அனுப்பிட்டா இந்த மாசமே பேமென்ட் மேடம். நீங்களே போட்டுடுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. சும்மா ஃபார்மாலிட்டி.”

சாப்பாட்டு நேரம். அப்போது மட்டும் போனைத் திரும்பக் கொடுப்பார்கள். கடையின் பின்படிக்கட்டில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபார்ம் முழுக்க இங்கிலீஷ். பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள். தன் கையெழுத்தைப் போட்டாள். இரண்டாவது ஃபார்மில் விரலால் திரையைத் தேய்த்து முத்தம்மாவின் பெயரையும் எழுதினாள். பசி அவசரத்தில் அது ஒரு பெரிய காரியமாகவே தோன்றவில்லை.

பணம் சொன்னபடி வந்தது. அதில் அக்காவுக்கு ஒரு புடவை எடுத்துக்கொடுக்க நினைத்தாள். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? தள்ளிப்போட்டாள்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒரு காலை முத்தம்மா பஸ்ஸில் இல்லை. மறுநாளும் இல்லை. சாயங்காலம் ஷீலா பக்கத்து பிளாக்குக்குப் போனாள். மாடிப்படியில் உட்கார்ந்து முத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காம்பு எது, இலை எது என்று பார்க்காமல் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?”

“ஒடம்புக்கு இன்னா? நல்லாத்தான் கீது. வேலைக்கு வர வேணாம்னுட்டாங்கடி.”

“ஏன்க்கா?”

“மந்தவெளி பஸ் ஸ்டாப்பாண்ட பெருசா ஒரு போர்டு வச்சுக்கிறானுங்க. குடிய நிறுத்துற ஆஸ்பத்திரியாம். அதுல எம் மூஞ்சிடி! தலைய விரிச்சுப் போட்டுகினு, வாயப் பொளந்துகினு, குடிச்சிட்டு வுழுந்து கெடக்குற மேரி. வேல செய்ற வூட்டு மாமி பாத்துட்டு வந்து கேக்குது. ‘நீ அங்க வைத்தியம் பண்ணிண்டியாமே, எங்களாண்ட ஒரு வார்த்தை சொல்லலியே முத்தம்மா. ஆத்துல குழந்தை இருக்கு, கொஞ்ச நாள் வர வேண்டாம்’னு. நா குடிக்கிறனாடி? குடிச்சே செத்தவன் பொண்டாட்டிடி நானு. அந்த நாத்தம் பட்டாலே எனுக்கு வாந்தி வரும்.”

கீரைக்கட்டு படியில் உருண்டது. முத்தம்மா எடுக்கவில்லை.

“எவன் எப்போ எடுத்தான்னே தெரியல. தூங்கறப்போ எடுத்துக்கிறான், பொறம்போக்கு. அவன் கை வெளங்குமா?”

ஷீலா கீரையைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மந்தவெளிக்குப் போனாள். போர்டு இருந்தது. அவள் எடுத்த வெயில், அவள் எடுத்த முகம். பஸ் கம்பியை வெட்டிவிட்டு, பின்னால் ஒரு பாட்டிலின் நிழலைச் சேர்த்திருந்தார்கள். ‘உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி இருக்கிறாரா?’ என்று கொட்டை எழுத்தில் கேட்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற ரெண்டு பெண்கள் அதைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

அங்கே நின்றபடியே ஸ்ரீகிருஷ்ணாவுக்குப் போன் போட்டாள். பலமுறை அடித்தபிறகு எடுத்தான்.

“சார், அந்த அக்காவ குடிகாரின்னு போட்டிருக்காங்க. உடனே எடுக்கச் சொல்லுங்க. பணத்தைத் திருப்பித் தந்துடறேன்.”

“மேடம், படத்தை எதுக்கு வேணா பயன்படுத்தலாம்னு நீங்க எழுதிக் கொடுத்திருக்கீங்க. மாத்தலாம், வெட்டலாம், எத்தனை பேருக்கு வேணா விக்கலாம். காலத்துக்கும். படிக்கலியா?”

“அவங்களுக்கு வேலை போயிடுச்சு சார்.”

“அவங்க சம்மதமும் எங்ககிட்ட இருக்கு. அந்தக் கையெழுத்து அவங்களோடதுதானே?”

ஷீலா போர்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

“பாருங்க, ஏதாவது கேஸ்னு வந்தா எல்லாப் பொறுப்பும் உங்களோடதுன்னு அதுலயே இருக்கு. நஷ்டஈடும் நீங்கதான் தரணும். பேசாம இருக்கறது உங்களுக்கு நல்லது.” மரியாதை இப்போதும் குறையவில்லை.

அறிவிடம் சொன்னாள். அவன் கையில் ஒட்டிய கிரீஸைத் துணியால் துடைத்தபடி கேட்டான்.

“அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்போ வாய மூடிகினு இரு. போர்டுன்னா நாலு மாசத்துல மாத்திடுவானுங்க. கள்ளக் கையெழுத்து போட்டேன்னு நீயே போய்ச் சொன்னா, போலீஸு ஒன்னத்தான் இட்டுகினு போகும். மெய்யாலுமே சொல்றேன்.”

அவன் சொன்னது தப்பு என்று அவளால் சொல்ல முடியவில்லை. அந்த வாரம் முழுக்க வாய் திறக்கவில்லை. கடையில் அரக்கு நிறப் புடவைக்கு மெரூன் துணியை எடுத்துப்போட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள். பஸ்ஸில் அவளுக்கு யாரும் இடம் பிடிக்கவில்லை. நின்றுகொண்டே போனாள். இதற்கிடையில் முத்தம்மா மயிலாப்பூர், அடையாறு என்று வேறு வீடுகளில் வேலை கேட்டு அலைந்தாள். ஒரு வீட்டில் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே” என்றார்களாம். அடுத்த வீட்டு வாசலை மிதிக்காமல் திரும்பிவிட்டாள். அக்கம்பக்கத்தில் யாரோ அந்தப் போர்டைப் போனில் படம் பிடித்து வந்து காட்டவும், பிளாக்கில் பிள்ளைகள் கேலி பேச ஆரம்பித்தன.

ஞாயிற்றுக்கிழமை ஷீலா முத்தம்மா வீட்டுக்குப் போனாள். எதிரே உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னாள்.

“யக்கா, அந்தப் படத்த எடுத்தது நான்தான்.”

முத்தம்மா நிமிர்ந்து பார்த்தாள். புரியாதவள்போல.

“பஸ்ஸுல நீ தூங்கறப்போ எடுத்தேன். வெயில் அழகா இருந்துச்சுன்னு எடுத்தேன்க்கா. அப்புறம் வித்துட்டேன். இப்படிப் பண்ணுவானுங்கன்னு சத்தியமா தெரியாது.”

“வித்தியா? எம் மூஞ்சிய வித்தியா?”

“உன் கையெழுத்தும் கேட்டான். நானே போட்டுட்டேன்.”

முத்தம்மா கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் ஷீலா நின்றாள். முத்தம்மாவோ கையை நீட்டினாள்.

“இன்னா போட்ட? காட்டு.”

ஷீலா போனில் அந்த ஃபார்மைத் திறந்து கொடுத்தாள். முத்தம்மா திரையை முகத்தருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

“எனுக்குக் கையெழுத்து வரும்டி. ஆத்தோரத்துல இருந்தப்போ பொம்பளைங்க சங்கத்துல கத்துகினேன். என்னாண்ட கேட்ருந்தா நானே போட்ருப்பேன், இல்லன்னா வேணாம்னு சொல்லிருப்பேன். முத்தமான்னு எழுதிக்கிற. எம் பேர்ல ஒரு எழுத்தக் காணோம்.”

போனைத் திருப்பிக் கொடுத்தாள். “போ. இப்போ போயிடு” என்றாள்.

ரெண்டு நாள் கழித்து முத்தம்மாவே அவள் வாசலில் வந்து நின்றாள். “அந்த போர்ட எடுக்கறதுக்கு இன்னா வழி? எனுக்கு ஆரையும் தெரியாது. நீதான் வரணும்” என்றாள். உள்ளே வரச்சொன்னபோது வரவில்லை.

கோர்ட் வளாகத்தில் இருந்த இலவச சட்ட உதவி மையத்துக்கு இருவரும் போனார்கள். பஸ்ஸில் முத்தம்மா வேறு சீட்டில் உட்கார்ந்தாள். அன்று அவள் தூங்கவில்லை. மையத்தில் இருந்த வக்கீல் பெயர் ஷகீலா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஃபார்மைப் படித்துவிட்டு, ஷீலாவைப் பார்த்துச் சொன்னார்.

“தெருவுல, பஸ்ஸுல படம் எடுக்கறது வேற. அதை விளம்பரத்துக்கு விக்கறது வேறம்மா. படம் எடுத்த உரிமை உன்னுது, சரி. அவங்க முகத்தை இப்படிப் பயன்படுத்தறதுக்கு அவங்கதான் சம்மதம் தரணும். நீ தரமுடியாது. எதுக்குப் பயன்படுத்துவீங்கன்னு எழுத்துல கேட்டு வாங்காம எதையும் கொடுக்கவே கூடாது.” பிறகு முத்தம்மாவிடம் திரும்பினார். “புகார் உங்க பேர்லதான் போகணும். கையெழுத்து உங்களுது இல்லைன்னு சொன்னாத்தான் அந்தக் கம்பெனிக்காரங்க பிடி தளரும். அப்படிச் சொன்னா இந்தப் பொண்ணும் மாட்டும்.”

முத்தம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷீலாதான் பேசினாள்.

“நான் எழுதித் தர்றேன் மேடம். நான்தான் போட்டேன்னு.”

“வீட்டுல கேட்டுட்டியா?”

“இல்ல.”

அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்தாள். விஷயம் தெரிந்ததும் அறிவு கொஞ்ச நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

வக்கீல் நோட்டீஸ் போனது. குடிமீட்பு மையத்துக்காரர்கள் பயந்துபோனார்கள். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய படம், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். ஒருநாள் சத்தமில்லாமல் போர்டு இறங்கியது. முத்தம்மா தங்கள் மையத்தில் ஒருபோதும் சிகிச்சை பெற்றவரில்லை என்று முத்திரை குத்தி ஒரு கடிதமும் கொடுத்தார்கள். படத்தை விற்ற நிறுவனம் பதிலே போடவில்லை. ஸ்ரீகிருஷ்ணாவின் எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு முத்தம்மா மயிலாப்பூர் போனாள். மாமி கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, “அடடா, எங்களுக்கென்ன தெரியும் முத்தம்மா, தப்பா எடுத்துக்காதே” என்று காபி கலந்து கொடுத்தாள். உள்ளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு புதிதாக ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள். காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு முத்தம்மா கிளம்பி வந்தாள்.

இப்போது அவள் சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு அடுக்குமாடியில் மாடிப்படி துடைக்கிறாள். அந்தக் காலை பஸ்ஸில் வருவதில்லை. வழியில் ஷீலாவைப் பார்த்தால், “சாப்ட்டியா” என்று கேட்கிறாள், பதிலுக்கு நிற்பதில்லை. கள்ளக் கையெழுத்துக்காகப் போலீசில் தனியாகப் புகார் கொடுக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். முத்தம்மா இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. ஷீலா கேட்டதும் இல்லை.

போர்டு இறங்கினாலும் படம் இறங்கவில்லை. போன மாதம் ஏதோ மாத்திரைக்கான தெலுங்கு விளம்பரத்தில் அதே முகம் வந்தது. எந்தெந்தத் தளத்தில் அது கிடக்கிறது என்று ஷீலா தேடிக்கொண்டேயிருக்கிறாள். கண்ணில் பட்ட ஒவ்வொன்றுக்கும், படத்தை நீக்கச் சொல்லி வக்கீல் எழுதிக்கொடுத்த வாசகத்தை அனுப்புகிறாள். சிலர் எடுத்துவிடுகிறார்கள். சிலர் ஆதாரம் கேட்கிறார்கள். பலர் பதிலே சொல்வதில்லை.