ஒட்டகம் ஏறிய கொலு

விளக்கேற்றக்கூட நேரமில்லை என்று அலுத்துக்கொள்ளும் என் அத்தை, ஒரு வருஷம் திடீரென்று கொலு வைக்கப்போகிறேன் என்றாள். "அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று அப்பா சிரித்தார். எனக்கோ தலைகால் புரியவில்லை. எட்டு வயதுக்காரிக்குக் கொலு என்றால் சும்மாவா? பட்டுப் பாவாடை, சுண்டல், வீடு வீடாகப் போய் அழைக்கும் பெரிய மனுஷித்தனம்!

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு மாடியில் அத்தை ஒரு சங்கம் நடத்திவந்தாள். புருஷனிடம் அடிபட்டு வரும் பெண்களுக்கு இடம் கொடுத்து, போலீஸ், வக்கீல் என்று அலைந்து, பிழைப்புக்கும் வழி பண்ணிவிடுகிற சங்கம். தலைவி, குமாஸ்தா, சமையல்காரி எல்லாம் அவளேதான். ஆனால் தெருவுக்கும் எனக்கும் அது தையல் கிளாஸ். மிஷின்கள்கூட இருந்தன. தையல் படிக்க வருகிறவர்கள் ஏன் அழுதுகொண்டே வருகிறார்கள் என்பதுதான் விளங்காது. ஊசி குத்தியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கொலு கோடி வீட்டு அக்காவுக்காகப் போட்ட திட்டம் என்பதும் எனக்குத் தெரியாது. சந்துப் பக்கத்து ஜன்னல் கம்பி வழியாக எனக்குப் பின்னல் போட்டுவிடுவாளே, அந்த அக்கா. கையெல்லாம் கன்றிப்போயிருக்கும். அவள் புருஷன் வேலைக்குப் போகும்போது தன் அம்மாவை வாசலில் காவல் வைத்துவிட்டுப் போவான். அந்த மாமியாரின் வாய்க்குத் தெருவே பயப்படும். அத்தை அதே ஜன்னலில் அக்காவிடம் ரகசியம் பேசி எல்லாம் ஏற்பாடு செய்திருந்தாள். கொலுவுக்கு அழைத்தால் வீட்டுப் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. வெற்றிலை பாக்கை மறுத்தால் குடும்பத்துக்கு ஆகாது. அத்தை பிடித்துக்கொண்டது அந்த நூலைத்தான்.

பொம்மைதான் இல்லை. மிஷின்கள் மேல் பலகை போட்டுப் படி கட்டினோம். எதிர்வீட்டு ஆன்ட்டி தன் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைத்திருந்த ஆடுகளையும் ஒட்டகத்தையும் தூக்கிக் கொடுத்தார். ஒட்டகம் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஜம்மென்று நின்றது. ஊரில் வேறு எந்தக் கொலுவில் ஒட்டகம் இருக்கிறது, சொல்லுங்கள்!

சாயங்காலம் அத்தை என் கையில் குங்குமச் சிமிழைக் கொடுத்தாள். "அந்த மாமா வீட்ல இருக்கறப்பவே கூப்பிடு. அவர் சரின்னு சொல்லாம அந்தம்மா வாசலத் தாண்ட விடமாட்டாங்க. கையோட அக்காவக் கூட்டிட்டு வந்துடு" என்றாள். நான் ஒரே ஓட்டமாக ஓடினேன்.

அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். "உங்க அத்தைக்கு எப்பலேர்ந்து இந்தக் கொலுவெல்லாம்?" என்று முறைத்தார்.

"இந்த வருஷந்தான் மாமா! எங்க கொலுல ஒட்டகம்லாம் இருக்கு!"

ஒட்டகமா என்று அவரே சிரித்துவிட்டார். அதற்குள் மாமியார் எழுந்து வந்தாள். "பொம்பளப் புள்ள குங்குமத்தோட வாசல்ல நிக்குது. அனுப்பலன்னா வீடு வெளங்குமாடா?" அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டு, சுருக்க வந்துவிட வேண்டும் என்றார்.

அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். முந்தின நாள் பார்த்ததைவிடக் கொஞ்சம் குண்டாகத் தெரிந்தாள். வாசலைத் தாண்டப்போகும் நேரம் பார்த்து, "நில்லுடி!" என்று மாமியார் அதட்டினாள். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஒரு கொசுவம் ஒழுங்கா வெக்கத் தெரியுதா ஒனக்கு?" என்று திட்டிக்கொண்டே, மகனுக்கு முதுகைக் காட்டி அவள் காலடியில் குந்தி, புடவையை இழுத்து இழுத்துவிட்டாள். பிறகு, "போ" என்றாள்.

மாடிக்கு வந்த அக்கா ஒட்டகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை! அத்தை அவளைப் பின்படி வழியாக இறக்கினாள். சந்தில் ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது. "பேக பன்னி அக்கா, பேக!" என்று டிரைவர் கன்னடத்தில் சீக்கிரம் வரச்சொல்லி அவசரப்படுத்தினார். "சுண்டல்! சுண்டல் வாங்கிக்கலையே!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிப்போய்ப் பொட்டலத்தை அவள் மடியில் போட்டேன். ஆட்டோ பறந்தது. அத்தை என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். "என் தங்கமே, என்னமா கூப்பிட்டுட்டு வந்த!" என்று அழுதாள், சிரித்தாள். எல்லாம் ஒட்டகத்தின் மகிமை என்று நினைத்தேன். அப்புறம் அந்த மாமா வந்து தெரு கூடும்படி கத்தினார். அத்தை வாசற்படியைவிட்டு ஓர் அடி நகரவில்லை.

அக்கா பல வருஷம் கழித்து அதே மாடிக்குத் தையல் சொல்லிக்கொடுக்க வந்தாள். பை எடுத்தால் சந்தேகம் வரும் என்று அன்றைக்கு ஒரு புடவைமேல் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினாளாம். அவள் சொல்லச் சொல்ல எனக்கு அந்த வாசல் அப்படியே கண்முன் வந்தது. சிவப்புப் புடவைக்குக் கீழே பச்சைக் கரை எட்டிப்பார்த்தது. மாமியார் சிவப்பை இழுத்து இழுத்து அந்தப் பச்சையைத்தான் மூடினாள்.

நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கொலுவுக்குக் கிளம்புகிறவளைக்கூட விடாமல் கொசுவத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறதே இந்தக் கிழம் என்று, வழியெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.