இரண்டு தடவை கழிந்த சாக்கு

சாஃப்ட்வேர் பழுது பார்க்கிற தொழிலில், தப்பைக் கண்டுபிடித்தவன் மேல்தான் முதல் சந்தேகம் விழும். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போடியில் இருக்கும் எங்கள் கம்பெனி, ஏலக்காய்த் தோட்டங்களுக்கு எடை போடும் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறது. பச்சைக்காயைச் சாக்கோடு தராசில் வைத்தால், சாக்கின் அரைக் கிலோவை அதுவே கழித்துக் காட்டும். எங்கள் கெட்ட நேரம், ஒரு தடவை கழிக்க வேண்டியதை இரண்டு தடவை கழித்துவிட்டது. கிலோவுக்குக் கூலி வாங்கும் பெண்களுக்குச் சாக்குக்கு அரைக் கிலோ நட்டம்.

புதுசு வேண்டாம்

புது வெர்ஷனில் தப்பைச் சரிசெய்து, தோட்டம் தோட்டமாக மாற்றிக்கொண்டு வந்தேன். போடிமெட்டுக்கு மேலே தோட்டம் வைத்திருக்கும் ஒரு முதலாளி மட்டும் அசையவில்லை. அவரிடம் இருந்தது எங்கள் ஆதி வெர்ஷன். போடியில் அவர் கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளக்கினேன். அவர் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பழசுல என்ன கோளாறுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. புதுசுல என்னத்த ஒளிச்சு வச்சிருக்கீகன்னு நான் எப்பிடிக் கண்டேன்?” என்றார்.

பழசுக்கு ஒட்டு

சரி, பழசிலேயே திருத்தத்தை ஏற்றித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். புதுசில் இரண்டு வரியில் முடிந்த வேலை இது. பழசிலோ எடை வரும்போது ஒரு கழிவு, சீட்டு அச்சாகும்போது இன்னொரு கழிவு. எதை எடுப்பது, எதை விடுவது என்று மூன்று நாள் மண்டை காய்ந்தது. பிறகு ஜீப்பில் மலையேறிப் போனேன். அங்கே கங்காணி என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நான் தட்டுவதையெல்லாம் உற்றுப் பார்த்தார். இங்கிலீஷ் தெரியுமா அண்ணே என்று கேட்டேன்.

“தெரியாது. நீங்க எத்தன வாட்டி அழிக்கிறீகன்னு எண்ணிக்கிட்டிருக்கேன்” என்றார்.

மேலே ஒரு சாக்கு

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, திருத்தத்தை ஏற்றும் முன்பே, வரிசையில் முதலில் நின்ற ராசாத்தியக்காவின் சாக்கை நிறுத்து வைத்திருந்தேன். பதினெட்டு கிலோ. ஏற்றிய பின் பதினெட்டரை காட்டியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன், காய்ச்சாக்கின் மேல் ஒரு வெறுஞ்சாக்கு மடித்துக் கிடந்தது. மிஷின் ஒரு சாக்கைத் தின்கிறது என்று அந்தப் பெண்கள் போன வருஷமே கண்டுபிடித்து, தின்னட்டும் என்று ஒன்றைக் கூடுதலாக வைத்து வந்திருக்கிறார்கள். நாங்கள் கண்டுபிடித்து ஒரு மாதம்தான் ஆகிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனிமேல் அது வேண்டாம்க்கா என்று எடுக்கச் சொன்னேன். எடுத்ததும் பதினெட்டு காட்டியது.

“முன்னாடியும் பதினெட்டு, இப்பவும் பதினெட்டு. அப்ப நீ வந்து என்ன சோலி பாத்தே தம்பி?” என்றார்.

அதுக்கு முந்தி

முதலிலிருந்து பொறுமையாக விளக்கினேன். ராசாத்தியக்கா வெறுஞ்சாக்கை உதறி மடித்துக்கொண்டே கேட்டார். பின்னால் நின்றவர்களும் நெருங்கி வந்தார்கள். கங்காணிக்குத் திடீரென்று வெளியே வேலை வந்துவிட்டது.

“மேச்சாக்கு வைக்கத் தெரியாம நாங்க நிறுத்தோமே, அதுக்கு முந்தி ரெண்டு வருசம். அதுக்கும் ஒரு ஒட்டுப் போட்டுத் தாரியா?” என்றார்.

எத்தனை பழைய வெர்ஷனாக இருந்தாலும் தேடிப் போய்ச் சரிசெய்யும் எங்கள் கம்பெனியில், அந்த ரெண்டு வருசத்துக்காக மட்டும் இதுவரை யாரும் ஜீப் ஏறவில்லை.