லீவுக்குள் முளைக்காத முடி

போன திங்கட்கிழமை காலை. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குவார்ட்டர்ஸுக்குக் கீழே, ரோட்டு வளைவில் ஸ்கூல் வேன் வந்து நின்று ஹார்ன் அடிக்கிறது. ஒருமுறை அல்ல... விட்டுவிட்டு அடிக்கிறது. தெமோதரையில் ஏறுகிற பிள்ளைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு பதுளைக்குப் போக வேண்டிய வேன். என் மகளுக்காக மட்டும் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்?

மகள் தனுஷிகா அறைக்குள் இருக்கிறாள். ஆறாம் வகுப்பு. வெள்ளை யூனிஃபோர்ம் போட்டாயிற்று, டை கட்டியாயிற்று, சப்பாத்தும் மாட்டியாயிற்று. ஆனால் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் போய் நின்றதும் கையில் இருந்த இரண்டு ரிப்பன்களையும் தூக்கிக் காட்டினாள். முந்தின நாள் நான்தான், வழக்கம்போல, யூனிஃபோர்மோடு சேர்த்து அயன் பண்ணி வைத்திருந்தேன்.

"இத எங்கம்மா கட்டுறது? நீயே சொல்லு."

நான் என்ன சொல்ல? தலையில் முடி இருந்தால்தானே!

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொன்னால்தான் என் எரிச்சல் உங்களுக்குப் புரியும். போன வருடம் இவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். பிளேட்லட் இறங்குகிறது, இறங்குகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில். இவளுடைய அப்பா வெளியே, வராந்தாவில். உள்ளே நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், வெளியே அவர் எங்கள் தோட்டத்துக் கோயில் மாரியம்மாவிடம் பேச்சுவார்த்தை நடத்தி முடித்துவிட்டார். பிள்ளை பிழைத்தால் பிள்ளையின் முடி அம்மனுக்கு!

பிழைத்தாள். அம்மன் தன் பங்கைச் சரியாகச் செய்துவிட்டாள். மனிதர் மட்டும் இந்த நேர்த்தியைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஓகஸ்ட் லீவு விட்டு, தோட்டத்துத் திருவிழாவுக்குக் கொடி ஏறின பிறகுதான் மெதுவாக வாயைத் திறந்தார்.

"லீவுலயே முடிச்சிருவோம். ஸ்கூல் தொறக்கிறதுக்குள்ள மொளைச்சிரும்."

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஊவா மாகாணத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இதைச் சொல்ல ஒரு அப்பா இருப்பார். இவர்கள் எல்லாம் எந்தப் பிள்ளையின் முடி ஒரு லீவுக்குள் முளைத்துப் பார்த்தார்கள்? அதுவும் பெண் பிள்ளைக்கு, இரட்டைப் பின்னல் போடுகிற அளவுக்கு?

நான் கத்தினேன். கேட்காமல் எப்படி நேர்ந்தீர்கள் என்று சண்டை போட்டேன். ஆனால் சாமி காரியம். அந்த ஆஸ்பத்திரி நாட்களை நினைத்தால் எனக்கும் அதற்கு மேல் வாய் எழவில்லை. மகள்தான் கேட்டாள்.

"காச்சல்ல கெடந்ததும் நானு. முடி குடுக்கிறதும் நானா?"

கொடுத்தாள். அழுதுகொண்டே உட்கார்ந்து கொடுத்தாள். தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு வந்து, அன்றைக்கு முழுக்க அப்பாவோடு பேசவில்லை. அவர் கொண்டுவந்து கொடுத்த ஐஸ்கிரீமை மட்டும் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு லீவு முழுக்க என் வீட்டில் ஒரே வேலைதான். காலையில் எழுந்து கண்ணாடி. மத்தியானம் கண்ணாடி. செவ்வரத்தம் பூ அரைத்துப் பூசு, சின்ன வெங்காயம் தேய் என்று போனில் பார்த்த வைத்தியம் அத்தனையும் என் தலையில், அதாவது அவள் தலையில், நடந்தது. வீடே வெங்காயம் நாறியது. முடி மட்டும் தன் இஷ்டத்துக்குத்தான் வந்தது. ஸ்கூல் தொடங்கப் போகிற வாரத்தில் கை வைத்தால் குத்துகிற அளவுக்கு வந்திருந்தது. அவ்வளவுதான்.

வருகிறவர்கள் போகிறவர்களின் ஆறுதல் வேறு. "முடிதானே, வளரும்." கடையில் ஒருத்தர், பஸ்ஸில் ஒருத்தர், பைப்படியில் நாலு பேர்... எல்லோருக்கும் தலை நிறைய முடி இருக்கிறது, கவனித்தீர்களா?

ஞாயிற்றுக்கிழமை நிலைமை முற்றியது. ஸ்கூலுக்குப் போகவே மாட்டேன் என்றாள். தோட்டத்து ஸ்கூலுக்கே திரும்பப் போகிறேன், அங்கே எல்லோருக்கும் தெரியும், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றாள். பதுளை ஸ்கூலில் இவளுக்கு இது முதல் வருடம். தோட்டத்தில் இருந்து வருகிற பிள்ளை என்று ஏற்கெனவே ஓரக்கண்ணால் பார்க்கிற இரண்டொருவர் அங்கே உண்டு. அவர்களுக்கு முன்னால் நடந்து போய் வகுப்பில் உட்கார வேண்டுமே என்பதுதான் அவளுடைய பயம். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

அப்போதுதான் அவளுடைய அப்பா ஆறுதல் சொல்ல வந்தார். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர் இல்லை, மலையில் வேலையை மேற்பார்க்கிற உத்தியோகம். அவருக்கு உலகத்தில் தெரிந்தது எல்லாம் தேயிலைதான். அதிலிருந்தே எடுத்துவிட்டார்.

"இங்க பாரும்மா. மலைய கவாத்து வெட்டுறோம். மொட்டையாத்தான் நிக்கும். அப்புறம் பாரு, கொழுந்து எப்படி தளதளன்னு வருது!"

"நான் என்ன தேயிலையாப்பா?"

கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளே இருந்தே மறுபடியும் அவள் குரல் வந்தது. "வேன்ல வர்ற பயலுகளும் இதத்தான் சொல்லுவாங்க. கவாத்து, கவாத்துன்னு."

நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைக்க வெளியில் இருந்து ஆள் வர வேண்டுமா? வீட்டிலேயே அப்பா இருக்கிறாரே!

பின்னேரம் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். வகுப்பில் இவளுடைய உயிர்த் தோழி ரிஸ்னா. அப்பாவுக்குப் பதுளை பஜாரில் துணிக்கடை. ரிஸ்னா யூனிஃபோர்மோடு தலையை மூடி வெள்ளைப் பர்தா போட்டுக்கொண்டு வருகிற பிள்ளை. என் போனை வாங்கி அவளுக்கு எடுத்தாள்.

"ரிஸ்னா, ஒன்னோட பர்தா ஒண்ணு எனக்குத் தர்றியா? இந்த டேர்முக்கு மட்டுந்தான்."

ஸ்பீக்கரில் பதில் வந்தது. "தாறேன். ஆனா நோம்பு வந்தா நீயும் புடிக்கணும். பேச்சு மாறக் கூடாது!"

காலையில் இரண்டு தோசை போதாமல் மூன்றாவதுக்கு நிற்கிறவள் என் மகள். யோசித்தாள். போனை வைத்துவிட்டாள். அந்த வழியும் அத்தோடு அடைபட்டது.

ஆக, திங்கட்கிழமைக்கு வந்துவிட்டோம். வேன் ஹார்ன். கையில் ரிப்பன். நான் கெஞ்சினேன், அதட்டினேன், ரிப்பனைப் பிடுங்கி அலமாரிக்குள் எறிந்தேன். எனக்கும் ஆபீஸுக்குப் போகிற பஸ் தவறிவிடும் போல இருந்தது. ஒரு கட்டத்தில் கோபம் தாங்காமல், "அப்பாவையே கேளு, அவருதானே நேர்ந்தாரு!" என்று கத்திவிட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எழுந்தாள். நேராகச் சாமி படத்துக்கு முன்னால் போய்க் கண்ணை மூடி நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. திரும்பி வந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"நானும் ஒரு நேர்த்தி வெச்சிருக்கேன்."

"என்னா நேர்த்தி?"

"அதெல்லாம் முன்கூட்டியே சொல்லக் கூடாது. அப்பாவும் சொல்லலதானே."

போய்விட்டாள். வேன் கதவு திறந்ததும் உள்ளே இருந்து ஒரு பையன் குரல்... கவாத்து என்றேதான் சொன்னான். படியிலேயே ஒரு கணம் நின்றாள். பிறகு ஏறிக்கொண்டாள். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த எனக்கு அப்போது அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கு ஆபீஸில் நான் ஒழுங்காக ஒரு வேலையும் செய்யவில்லை. எந்நேரமும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் எங்கே உட்கார்ந்திருப்பாள்? காலைக் கூட்டத்தில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? வீட்டுக்காரர் மலையில் இருந்து இரண்டுமுறை கூப்பிட்டு, "ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று கேட்டார். நான் வேண்டுமென்றே வெடுக்கென்று பேசி வைத்தேன். அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயந்திரம் வேன் சத்தம் கேட்டது. ஓடி வந்தாள். முகத்தைப் பார்த்தால் காலையில் போன பிள்ளை மாதிரியே இல்லை.

"அம்மா, எங்க வகுப்புல மூணு மொட்ட!"

எனக்குப் புரியவில்லை. பையைக்கூடக் கழற்றாமல் சொல்லிக்கொண்டே போனாள். ஹாலிஎல பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று, பசறையில் இருந்து வருகிற பிள்ளை ஒன்று. இரண்டுக்கும் மொட்டை. இரண்டுக்கும் லீவில் திருவிழா. இரண்டு பேருடைய அப்பாமாரும், கேட்டுக்கொள்ளுங்கள், "ஸ்கூல் தொறக்கிறதுக்குள்ள மொளைச்சிரும்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்!

அந்தப் பிள்ளைகளும் இவளை மாதிரியே வரமாட்டேன் என்று அழுதுதான் வந்திருக்கின்றன. இன்டர்வலில் மூன்றும் ஒன்றாக நின்றிருக்கின்றன. பெரிய வகுப்பு அக்காமார் எல்லாம் தொட்டுப் பார்க்க வந்தார்களாம். ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான், தள்ளக் கூடாது என்று ரிஸ்னா லைன் போட்டு நிறுத்தினாளாம்.

"யாரும் சிரிக்கலயா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். சாவகாசமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"ஸ்கூல்ல ஒருத்தர்கூட சிரிக்கலப்பா. மாரியம்மா கேட்டுருச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "அதனால நேர்த்திய முடிக்கணும். யாரும் சிரிக்காட்டி ஒங்க மீசைய தர்றேன்னு நேர்ந்திருக்கேன்."

அவர் கை தானாகவே மீசைக்குப் போனது. மனிதருடைய மீசை லேசுப்பட்ட மீசை அல்ல. கல்யாணத்துக்கு முன்னால் இருந்தே இருக்கிறது. அது இல்லாத அவர் முகத்தை நானே பார்த்ததில்லை.

"என்னைக் கேக்காம நீ எப்படி..."

என்று தொடங்கியவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்க்கப் போவது போலத் திரும்பிக்கொண்டேன். சிரிப்பை அடக்க வேறு வழி?

பிறகு சட்டம் பேசினார். வேனில் ஒருத்தன் கேலி பண்ணினானே, அது கணக்கில் வராதா என்றார். நேர்ந்தது ஸ்கூலுக்குத்தான், வேனுக்கு இல்லை என்று மகள் அடித்துச் சொன்னாள். சின்னப் பிள்ளை நேர்ந்தால் செல்லுமா என்று என்னிடம் வந்தார்.

"மாரியம்மா என்னா, ஐடென்டிட்டி கார்டா கேக்குது?" என்றேன்.

செவ்வாய்க்கிழமை சவரம் பண்ணக் கூடாது என்று ஒருநாள் தப்பினார். புதன்கிழமை சாயந்திரம் மகளே கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

இதெல்லாம் நடக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் வீடுகளில் நேர்த்தி வைக்கிறவர் ஒருவர், அதைச் சுமக்கிறவர் இன்னொருவர். இவருக்கு உத்தியோகம் உயர்ந்ததற்குப் பால்குடம் எடுத்தது நான்! வெயிலில் சுற்றி வந்தது என் கால். இவர் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அன்பில்தான் செய்கிறார்கள், பயத்தில்தான் செய்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொடுக்கப் போகிற தலையிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? உங்கள் வீட்டில் கேட்கிறார்களா?

இன்று வியாழக்கிழமை காலை. வேன் வருவதற்கு முன்பே மகள் தயார். அப்பாதான் கட்டிலில் கிடக்கிறார். போர்வையை மூக்குவரை இழுத்துவிட்டிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பெரட்டுக் களத்தில் தோட்டத்து ஆட்கள் எல்லாம் கூடிவிடுவார்கள். இவர் அவர்களுக்கு முன்னால் நின்று யார் யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று சொல்ல வேண்டும். கொழுந்தெடுக்கிற பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்று அந்த முகத்தைப் பார்ப்பார்கள்.

"தலை சுத்துற மாதிரி இருக்கு. தொரைகிட்ட இன்னிக்கு லீவு சொல்லிரவா?" என்று என்னிடம் கேட்கிறார்.

மகள் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். போர்வையைக் கொஞ்சம் கீழே இறக்கி, அந்தப் புது முகத்தைப் பார்த்தாள். கேலி பண்ணப் போகிறாள் என்று நினைத்தேன். பண்ணவில்லை.

"சிரிப்பாங்கப்பா. கொஞ்ச நேரந்தான். அப்புறம் அவங்க வேலைய பார்க்கப் போயிருவாங்க. மொதல்ல உள்ள நடந்து போறதுதான் கஷ்டம்."

ஹார்ன் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு அவள் ஓடிவிட்டாள். பிள்ளை ஸ்கூலுக்குப் போய்விட்டது... நான் இன்னும் அப்பாவைத்தான் எழுப்பிக்கொண்டிருக்கிறேன்.