பூச்சி தின்னும் பூவுக்குக் காவல் இருந்தேன்

கல்லூரியில் தாவரவியல் நடத்துபவர் வேறு; அவர் நடத்துவதற்குச் செடி பிடுங்கி வருபவர் வேறு. எழுபதுகளில் திருவண்ணாமலையில் நான் இரண்டாவது ஆள். பதவியின் பெயர் ஆய்வக உதவியாளர். தேர்வுக்குச் செடி தேடி முழங்கால் சேற்றில் நின்று, 'இதுதானா, இல்லை இதன் தங்கச்சியா?' என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சக ஊழியர்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு உடனே புரிந்துவிடும்.

பஸ்ஸில் ஒரு வாளி

நான் அதிகம் பிடுங்கியது குட்டைத் தண்ணீரில் வளரும் ஒரு செடி. வேர் கிடையாது; பாசி மாதிரி மிதக்கும். மழைக்குப் பிறகு நீருக்கு மேலே தலைதூக்கி, மூக்குத்தி அளவில் மஞ்சளாகப் பூக்கும். தண்ணீருக்குள் கடுகளவுப் பைகள் வைத்திருக்கும். அவற்றில் நீர்ப்பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். ஊரில் பாசிப்பூ என்பார்கள்.

ஒரு நாள் கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து வாளியோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். "பூச்சி தின்னும் செடி" என்று பெருமையாகச் சொன்னேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து முன்னால் போய்விட்டார். கண்டக்டர் மட்டும் பதறாமல், "சார், அது மேல ஒரு துணியாவது போட்டு மூடுங்க. லேடீஸ் சீட்டையே பாத்துட்டு இருக்குது" என்றார்.

செடி இல்லாத தேர்வு

நான் செடி எடுத்த குட்டைகள் ஒவ்வொன்றாகப் போயின. ஒன்றில் வீடு வந்தது, ஒன்றில் மண் கொட்டினார்கள். மிச்சமிருந்ததை வருடா வருடம் வாளி வாளியாக நானே காலி செய்திருந்தேன். கடைசியில் கீழ்பென்னாத்தூர் சாலையோரக் குட்டை ஒன்றில்தான் பூ இருந்தது. இதைச் சொன்னதும் எங்கள் துறைத் தலைவி மரகதம் மேடம், "இனிமே ஒரு இழை கூட எடுக்காதீங்க. பாதி பாவம் நம்மளோடதுதான்" என்றார்.

அந்த வருடத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தார். வழக்கமாகச் செடி இருக்கும் மேசைக்குப் பின்னால், கரும்பலகையில் அதன் படம் மட்டும் இருந்தது. செடி எங்கே என்றார். குட்டையில் பத்திரமாக இருக்கிறது என்றார் மேடம். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: "அப்ப பசங்களையும் அங்கயே பத்திரமா விட்டுட்டு வந்திருக்கலாமே மேடம்?"

பலகை வைத்த பலன்

அடுத்த மழைக்கு மேடம் சொல்லி, குட்டைக் கரையில் பலகை நட்டேன்: 'அரிய பூ. பறிக்காதீர்கள்.' அதுவரை அந்தப் பூவை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. தீபத்துக்கு வந்த வெளியூர்க் கூட்டம் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பறித்தது. அரிய பூவாயிற்றே, சாமிக்குப் போட்டால் விசேஷமாம்.

ஓடிப்போய்ப் பழைய எழுத்தை அழித்து, 'ஜாக்கிரதை! பூச்சி தின்னும் செடி' என்று எழுதினேன். கூட்டம் நின்றது. அந்தக் குட்டையில் எருமை குளிப்பாட்டும் முனுசாமி மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கவலையோடு என்னைப் பார்த்தார். "இன்னா சார், அசைவமா இது? சாமி தலையில வேற வெச்சுட்டாங்களே!"

அரை மணி நேரம்

புதுப் பலகை தேவைக்கு மேலேயே வேலை செய்தது. ஊர்ப் பேச்சில் அது தின்னும் பூச்சி கோழியாகி, பத்தே நாளில் ஆளாகிவிட்டது. பஞ்சாயத்துத் தலைவர் செடியை வாரிக் கொட்ட ஆட்களோடு கிளம்பிவிட்டார் என்று தகவல் வந்தது. சைக்கிளை மிதித்து நான் போய்ச் சேர்ந்தபோது, இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கத் தயாராக நின்றார்கள். இதுவும் போனால் வேறெங்கும் இல்லை. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு பூக்களுக்கு நடுவில் இறங்கினேன். "அரை மணி நேரம் நிக்கிறேன். கடிச்சா வாரிக் கொட்டிடுங்க" என்றேன்.

நின்றேன். ஊரே கரையில் கூடி என் காலையே பார்த்தது. ஜெயித்துவிட்ட நினைப்பில் கரையேறினால், கெண்டைக்காலிலிருந்து ரத்தம் வழிகிறது! ஒரு பெண் வீல் என்று கத்தினாள். "மொதல்ல ரத்தத்தைத் தொடைங்க சார், அப்புறம் கடிக்காதுன்னு சொல்லுங்க" என்று தலைவர் ஆட்களுக்குக் கை காட்டினார்.

அப்போதுதான் முனுசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குனிந்து, என் காலிலிருந்து கொழுத்த அட்டை ஒன்றைப் பிய்த்து, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். "நல்லா பாத்துக்கோங்க, இது நம்ம எருமையோட அட்டை. வாயில்லா செடி மேல பழி போடாதீங்க!"

முனுசாமி வீட்டம்மா

கிழக்கு ஓரம் செடிக்கு, மேற்கு ஓரம் எருமைக்கு என்று தலைவர் அங்கேயே பிரித்துக் கொடுத்தார். அடுத்த மழைக்குக் கிழக்கு ஓரம் முழுக்க மஞ்சள். மரகதம் மேடத்தைக் கூட்டிப்போய்க் காட்டினேன். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்களுக்குச் சற்றுத் தள்ளி, பூவைப் பார்க்க இறங்கி வந்த பஸ் பயணிகளை முனுசாமியின் மனைவி கையை விரித்து மறித்துக்கொண்டிருந்தார். கடிக்குமா என்று ஒருவர் கேட்டார். அந்த அம்மாள் என் பக்கம் கையைக் காட்டி, "இதுவரைக்கும் இந்தக் காலேஜ்காரரைத் தவிர யாரையும் கடிச்சதில்ல. எதுக்கும் தள்ளியே நில்லுங்க" என்றார்.

இத்தனை வருடம் செடி பிடுங்கியதற்கு என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை; பிடுங்காமல் விட்டதற்குத்தான் ஊர் பூராவும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.