தமிழில் மட்டும்தான் பேச வேண்டும்

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்ததற்கு மறு வருஷம், ஓசூர் வட்டாரத்தில் பேரிகை என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகப் போனேன். நான் தஞ்சாவூர்க்காரன். அப்போது வயது இருபத்தெட்டு. அங்கே பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். சிலர் கன்னடம், நாலைந்து பேர் உருது. எனக்கு எல்லாம் ஒரே கூச்சலாகக் கேட்டது. பள்ளிக்குள் தமிழில் மட்டும்தான் பேச வேண்டும், மீறினால் பிரம்படி என்று உத்தரவு போட்டேன். பள்ளிக்கூடம் அமைதியானதில் பெருமை வேறு.

ஒன்றாம் வகுப்பில் ஒரு தெலுங்குச் சிறுமி. கணக்கில் கெட்டி. விடையை வாயால் சொல்லாமல் விரல்களை நீட்டிக் காட்டுவாள். அதைக் குறும்பு என்று நினைத்து ரசித்திருக்கிறேன்.

ஒருநாள் அவள் எழுவதும் என்னைப் பார்ப்பதும் உட்காருவதுமாக இருந்தாள். சும்மா உட்காரும்படி கையைக் காட்டினேன். சற்று நேரத்தில் பாவாடை நனைந்து தரையெல்லாம் ஈரம். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் அழவில்லை. சிலேட்டைக்கூட எடுக்காமல் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் வரவில்லை. சிலேட்டோடு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் வாத்தியாரை ‘அய்யவாரு’ என்பார்கள்.

“வெளிய போகணும்னு தமிழ்ல எப்டி கேக்கறதுன்னு பாப்பாவுக்குத் தெரில அய்யவாரே. தெலுங்குல கேட்டா அடிப்பீங்கன்னு பயந்துக்கிச்சி.”

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிறுமி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். தப்பு என்னுடையது என்று அவளிடம் சொல்ல வேண்டும். அதைத் தெலுங்கில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தமிழில் சொன்னேன். அவள் வெளியே வரவில்லை.

அடுத்த நாள் காலைப் பிரார்த்தனையில், நான் போட்ட உத்தரவு தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். இனி யாரும் எந்த மொழியிலும் கேட்கலாம், எனக்குப் புரியாவிட்டால் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும் என்றேன். உதவி ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். என் உச்சரிப்பைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இரண்டு வாரத்தில் தெலுங்கில் நாலு வாக்கியம் தேறியதும் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். அவளைக் கோலார்ப் பக்கம் மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அங்கே பள்ளியில் சேர்த்தார்களா என்ற கேள்விக்குச் சரியான பதில் இல்லை. பத்து வருஷம் அங்கே வேலை பார்த்தேன். அவள் திரும்பி வரவேயில்லை.

இப்போது எனக்குத் தெலுங்கு சரளமாக வரும். ஓசூர் பஸ்ஸில், இப்போது அவளுக்கு இருக்கக்கூடிய வயதில் பெண்மணி யாராவது தெலுங்கில் பேசினால் இன்றும் திரும்பிப் பார்க்கிறேன். ஒரு குழந்தை பயமில்லாமல் வாய் திறந்து கேட்கிற இடம்தான் பள்ளிக்கூடம் என்று எனக்குப் புரியவைத்தவளிடம், அவளுடைய மொழியில் ஒரே ஒரு முறை மன்னிப்புக் கேட்டுவிட மாட்டோமா என்று மனசு கிடந்து தவிக்கிறது.